மூன்று ஆண்டுகள் என்றே எழுதினோம்



சபர் சென்று பொருளீட்டித் திரும்பியவர்களின் கதைகளை நம் ஊர்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். புறப்படத் தயாராக நின்று, வாசலிலேயே திருப்பப்பட்டவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. அது எங்கள் வீட்டில் நடந்தது. நாங்கள் வெட்கப்பட வேண்டிய ஒரு பகுதியும் அதில் உண்டு. அந்தப் பகுதியை விட்டுவிட்டு எழுதினால் படிப்பவர்களுக்குப் பயனில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே பதிகிறோம்.

2024ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக்கிழமை. ஜுமுஆ முடிந்து சோற்றுத் தட்டின் முன் அமர்ந்திருந்த நேரத்தில் எங்கள் மகனின் கைப்பேசிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்த நிறுவனத்தின் முதலாளி அனுப்பியது. எஸ் பாஸ் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பதே செய்தி. மகன் அதை இருமுறை படித்தான். பிறகு ஒன்றும் பேசாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். அவனைப் பெற்ற எங்கள் இருவருக்கும் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

அவன் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவன். சென்னையில் ஒரு ஏ.சி. நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவன். சிங்கப்பூர் வேலைக்காக அதை விட்டுவிட்டு வந்திருந்தான். ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்திருந்தோம். அந்தத் தொகைக்காக, மகளுக்கென்று சேர்த்த ஆறு பவுன் நகை வங்கியில் அடகில் இருந்தது. வட்டி ஹராம் என்று அறிந்தே வைத்த அடகு அது. “ஆறு மாதத்தில் மீட்டுவிடலாம்” என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

எங்கள் அம்பகரத்தூர் சிறிய ஊர். காரைக்கால் மாவட்டத்தில், திருநள்ளாறு கொம்யூனில் இருக்கிறது. ஒரு வீட்டில் விசா வந்தாலும் வராவிட்டாலும் அஸர் தொழுகைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அன்று மாலையே மூன்று பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள். மய்யித்து வீட்டுக்கு வந்தவர்களைப் போலத் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

கடல் கடந்த வழி

இந்த மண்ணுக்குச் சபர் புதிதன்று. பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் காரைக்காலில் கால் பதித்தார்கள். 1954இல் ஆட்சியை விட்டுச் சென்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரியூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கூலி ஒப்பந்தத்தில் சென்ற தமிழர்கள் பலர் காரைக்கால் துறைமுகத்தில்தான் கப்பலேறினார்கள். பின்னர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் வரை சென்று திரும்பியவர்களும் உண்டு. அவர்களை இன்றும் ‘சொல்தா’ என்றே மூத்தவர்கள் சொல்வார்கள்.

முஸ்லிம் வணிகர்களின் வழி மலாய்க் கரையை நோக்கியது. சிங்கப்பூர் 1819இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் எழுந்தது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடம் எழுந்தது. நம் கரையிலிருந்து சென்றவர்களின் கைவேலை அவை. எங்கள் பாட்டனார் காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரில் இறங்குவார்கள். கடலில் ஒரு வாரம் போனாலும், அங்கே இறங்கிய பின் ஒரு கடையில் ஒட்டிக்கொள்ள உறவுக்காரர் ஒருவர் இருந்தால் போதும்.

இன்று விமானத்தில் நான்கு மணி நேரம். ஆனால் அந்த நான்கு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எஸ் பாஸ் என்பது நடுத்தரத் தொழில்திறன் உள்ளவர்களுக்கானது. 2023 செப்டம்பர் முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 3,150 வெள்ளி. 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. வயது கூடக்கூட அந்தத் தொகையும் கூடும். சேவைத் துறை நிறுவனம் ஒன்றில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் எஸ் பாஸில் இருக்கக் கூடாது. கல்வி, அனுபவம், நிறுவனத்தின் ஒதுக்கீடு ஆகிய அனைத்தையும் மனிதவள அமைச்சு பார்க்கும். இவற்றில் எந்த ஒன்றையும் நாங்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ளவில்லை. “ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார்” என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது.

ஐந்து எங்கிருந்து வந்தது?

நிராகரிப்புக் கடிதத்தின் படத்தை முதலாளி மறுநாள் அனுப்பினார். அதில் இருந்த காரணம், விண்ணப்பத்தில் குறிப்பிட்ட ஐந்து ஆண்டுப் பணி அனுபவத்தை உறுதி செய்ய இயலவில்லை என்பதாகும்.

ஐந்து ஆண்டு! எங்கள் மகன் வேலை பார்த்தது மூன்று ஆண்டு. விண்ணப்பத்தின் நகலை வரவழைத்துப் பார்த்தோம். ஐந்து என்றுதான் இருந்தது. அதன் கீழே எங்கள் மகனின் கையெழுத்தும் இருந்தது.

அவன் கையெழுத்திட்ட நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏஜெண்ட் கைப்பேசியில் படிவத்தை அனுப்பி, “ஒரு மணி நேரத்துக்குள் வேண்டும்” என்றார். மகன் படித்துப் பார்க்க நேரம் கேட்டான். “அவசரம் என்கிறார், போட்டு அனுப்பு வாப்பா” என்று அவனை விரட்டியது நாங்கள். அவன் படிக்காமல் கையெழுத்திட்டான். ஆகவே அந்தப் பொய்யை எழுதியது ஏஜெண்டின் கை என்றாலும், அதற்கு வழிவிட்டது எங்கள் அவசரம்.

ஏஜெண்டை அழைத்தோம். அவர் சற்றும் பதறவில்லை. “ஐந்து போட்டால்தான் நிற்கும் என்று போட்டேன். இப்போது மேல்முறையீடு செய்யலாம். வளைகுடாவில் ஒரு கம்பெனி பெயரில் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன். இருபதாயிரம் ஆகும். எல்லோரும் செய்வதுதான்” என்றார்.

இங்கேதான் எங்கள் வெட்கம் தொடங்குகிறது. நாங்கள் உடனே மறுக்கவில்லை. அன்று இரவு முழுவதும் இருவரும் அதைப் பற்றிப் பேசினோம். இருபதாயிரத்துக்கு யாரிடம் கேட்பது என்றுகூடக் கணக்குப் போட்டோம். யாருடைய பொருளையும் திருடவில்லையே, வேலை தெரிந்த பையன்தானே, அங்கே போய் உழைக்கத்தானே போகிறான், ஒரு தாளில் இரண்டு ஆண்டு கூடுவதால் யாருக்கு என்ன நட்டம் என்றெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஐவேளைத் தொழுகையும் ரமளான் நோன்பும் தவறாத வீடு எங்கள் வீடு. அந்த வீட்டில் ஓர் இரவு முழுவதும் பொய்க்கு நியாயம் தேடிக்கொண்டிருந்தோம்.

ஃபஜ்ருக்குப் பிறகு மகனிடம் சொன்னோம். அவன் எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நான் பார்க்காத வேலையைப் பார்த்தேன் என்று இன்னொரு தடவை கையெழுத்துப் போட மாட்டேன் உம்மா. முதல் தடவை தெரியாமல் போட்டேன்” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஹஸ்ரத் சொன்ன பதில்

அப்போதும் எங்கள் மனம் முழுதாகத் திரும்பவில்லை. பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்போம் என்று முடிவு செய்தோம். உண்மையைச் சொன்னால், அறிவுரை தேடிப் போகவில்லை. நிர்ப்பந்த நிலை என்று சொல்லி ஓர் அனுமதி கிடைக்குமா என்று பார்க்கவே போனோம். இஷாவுக்குப் பிறகு வீட்டின் ஆண் மட்டும் போய்ப் பேசி வந்தார்; வீட்டில் இருவரும் அதை மீண்டும் மீண்டும் பேசினோம். ஆகையால் இதையும் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

ஹஸ்ரத் முதலில் ஒரு கேள்வி கேட்டார்: “பையன் பட்டினி கிடக்கிறானா?” இல்லை என்றோம். “அப்படியென்றால் நிர்ப்பந்தம் என்ற சொல்லை எடுக்காதீர்கள்” என்றார். பிறகு ஹுதைபியாவைப் பற்றிப் பேசினார்.

ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் உம்ராவுக்காக மதீனாவிலிருந்து புறப்பட்டார்கள். இஹ்ராம் அணிந்திருந்தார்கள். குர்பானிப் பிராணிகள் உடன் வந்தன. போருக்கான நோக்கம் இல்லை. ஆயினும் மக்காவின் எல்லையில் குறைஷியர் அவர்களைத் தடுத்தார்கள். இறையில்லத்தின் மீது அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்? ஆனாலும் அனுமதி மறுக்கப்பட்டது. பேச்சுவார்த்தைக்கு ஸுஹைல் பின் அம்ர் வந்தார். உடன்படிக்கையை அலீ (ரலி) எழுதினார்கள். ‘அல்லாஹ்வின் தூதர் முஹம்மத்’ என்று எழுதியபோது ஸுஹைல் மறுத்தார். அப்படி ஏற்றுக்கொண்டிருந்தால் உங்களைத் தடுத்திருக்கவே மாட்டோமே, உங்கள் பெயரையும் தந்தை பெயரையும் எழுதுங்கள் என்றார். எழுதியதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்களே அதை அழித்தார்கள். அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத் என்று எழுதப்பட்டது.

ஹஸ்ரத் இதைச் சொல்லிவிட்டு, நாங்கள் இதுவரை எண்ணிப் பார்க்காத ஒன்றைச் சொன்னார். “அந்தத் தாளில் குறைத்து எழுத நபி (ஸல்) இசைந்தார்கள். அப்துல்லாஹ்வின் மகன் என்பதும் உண்மைதானே. உண்மை அல்லாத ஒரு சொல்லும் அதில் ஏறவில்லை. உங்கள் பையனுக்கு மூன்று என்றால் மூன்று என்று எழுதுங்கள். குறைந்துபோனதாக நினைக்காதீர்கள்.”

வீடு திரும்பும் வழியில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பெரும்பாவங்களைச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைச் சொல்லும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுத்தமாட்டார்களா என்று தோழர்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னார்கள். சிறுவயதில் மக்தபில் கேட்ட ஹதீஸ் இது. நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தோம். படிவத்தின் கீழே இடும் கையெழுத்தும் சாட்சியமே என்பது அன்றுதான் உறைத்தது.

மேல்முறையீடு

அடுத்த நாள் மகன் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினான். தன் அனுபவம் மூன்று ஆண்டுகளே என்றும், விண்ணப்பத்தில் ஐந்து என்று இருப்பதை நிராகரிப்புக்குப் பிறகே பார்த்ததாகவும், படிக்காமல் கையெழுத்திட்டது தன் தவறு என்றும், விரும்பினால் இத்துடன் விட்டுவிடலாம் என்றும் எழுதினான்.

நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் தஹஜ்ஜுதுக்கு எழுந்தோம். ஐந்தாம் நாள் முதலாளி அழைத்தார். அவர் முஸ்லிம் அல்லர், தமிழரும் அல்லர். முதலில் கடிந்துகொண்டார். தம்மையும் இது சிக்கலில் மாட்டியிருக்கும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் சட்டத்தின்படி, வேலை அனுமதிக்காகப் பொய்யான தகவல் தந்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஏஜெண்ட் சொன்ன இருபதாயிரம் ரூபாய்ச் சான்றிதழ் எங்கள் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது. பேச்சின் முடிவில் அவர், “மூன்று ஆண்டுக்கான ஆதாரங்களை அனுப்பு. திருத்தி ஒருமுறை முறையீடு செய்து பார்க்கிறேன்” என்றார்.

சிங்கப்பூரில் இந்த முறையீட்டை வேலை தரும் நிறுவனம்தான் செய்ய வேண்டும். வேலைக்குப் போகிறவர் தாமே செய்ய முடியாது. நிராகரித்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும். கடிதத்தில் சொன்ன காரணத்துக்கு நேரான பதிலும், அதற்கான புதிய ஆதாரமும் இருக்க வேண்டும். ஏழ்மையையும் குடும்பச் சூழலையும் எழுதி இரங்கக் கேட்பதற்கு அங்கே இடமில்லை.

ஆதாரம் தேடியபோது அல்லாஹ் ஒரு வழியைக் காட்டினான். சென்னை நிறுவனம் மாதந்தோறும் வருங்கால வைப்பு நிதியில் பணம் கட்டியிருந்தது. அந்தப் பி.எஃப். கணக்கேட்டில் நிறுவனத்தின் பெயரோடு ஒவ்வொரு மாதமும் பதிவாகியிருந்தது. கைப்பேசியிலேயே அதை எடுக்க முடிந்தது. வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவுகளும் அதே மாதங்களைக் காட்டின. பழைய நிறுவனத்திடம் கேட்டபோது சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த வேலை ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். மூன்று தாள்களும் ஒரே கதையைச் சொல்லின. பொய்யான சான்றிதழை வாங்கியிருந்தால் அதற்குத் துணையாக இன்னொரு பொய்த் தாள், அதற்கு மற்றொன்று என்று தேடிக்கொண்டே இருந்திருப்போம்.

மற்ற நாடுகளில்

இந்த நாட்களில் உறவுக்காரர்களும் நண்பர்களும் ஒவ்வொருவராகக் கேட்டுச் சொன்னதிலிருந்தும், நாங்கள் தேடிப் படித்ததிலிருந்தும், முறையீடு என்ற ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு பொருள் தருவது தெரிந்தது. மற்ற குடும்பங்களுக்கு உதவும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறோம்.

பிரிட்டனில் தொழில்திறன் ஊழியர் விசாவை மறுத்தால், விண்ணப்பித்தவரே ‘நிர்வாக மறு ஆய்வு’ கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு 28 நாள் கெடு. கட்டணம் 80 பவுண்டு. முடிவெடுத்த அதிகாரி தவறு செய்தாரா என்பதை மட்டுமே அதில் பார்ப்பார்கள். நாம் சேர்க்க மறந்த தாள்களைப் பொதுவாக அப்போது சேர்க்க முடியாது. ஆகவே அங்கே முதல் விண்ணப்பமே முழுமையாக இருக்க வேண்டும்.

பிரான்சில் உறவுகள் உள்ள காரைக்கால் குடும்பங்கள் பல. அங்கே முதலில் நிறுவனம் வேலை அனுமதி பெற வேண்டும். அதன் பிறகும் நீண்டகால விசாவைத் தூதரகம் மறுத்தால், நாந்த் நகரில் இயங்கும் விசா மறுப்பு முறையீட்டு ஆணையத்துக்கு எழுத வேண்டும். முன்பு அதற்கு இரண்டு மாதக் கெடு இருந்தது. 2023 ஜனவரி முதல் 30 நாட்களாகக் குறைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் வரை ஆணையம் பதில் தராமல் இருந்தால், அந்த மௌனமே மறுப்பாகும். அதன் பிறகே நாந்த் நிர்வாக நீதிமன்றத்தை அணுகலாம். பதில் வரும் என்று காத்திருந்தே நாளைத் தவறவிடக் கூடாது.

அமெரிக்கத் தூதரகம் மறுத்த விசாவுக்கு மேல்முறையீடு என்பதே கிடையாது. குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

எந்த நாடானாலும் முதலில் செய்ய வேண்டியது, மறுப்புக் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பது. ஏஜெண்ட் சொல்லும் காரணத்தை நம்ப வேண்டாம், கடிதத்தையே கேளுங்கள். அதில் உள்ள தேதியிலிருந்து கெடுவை எண்ணுங்கள். நம் பக்கம் பிழை இருந்தால் அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கென்றால், தகுதி உண்டா என்று பார்க்கும் சுய மதிப்பீட்டு வசதி மனிதவள அமைச்சின் தளத்தில் கட்டணமின்றி இருக்கிறது. ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். நாங்கள் எல்லாம் முடிந்த பிறகு பார்த்தோம்.

வந்த பதில்

காத்திருந்த வாரங்களில் வீட்டில் அதிகம் ஓதப்பட்டது ஸூரத்துல் முஜாதலா. அதன் தொடக்கத்துக்குக் காரணமாக இருந்தவர் கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) என்ற பெண்மணி. அறியாமைக் கால வழக்கப்படி ஒரு சொல்லைச் சொல்லிக் கணவர் அவரை ஒதுக்கினார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். சாதகமான பதில் கிடைக்காதபோதும் விடாமல் வாதிட்டார், அல்லாஹ்விடமும் முறையிட்டார். அவருடைய பேச்சை அல்லாஹ் செவியுற்றதாக வசனம் இறங்கியது. அந்த வழக்கத்துக்குப் பரிகாரமும் சட்டமாயிற்று. பிற்காலத்தில் உமர் (ரலி) கலீஃபாவாக இருந்தபோது, முதியவரான அவர் வழியில் நிறுத்திப் பேச, நெடுநேரம் நின்று கேட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. முறையிடுவது பொறுமைக்கு எதிரானது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். ஒரு முடிவு தவறு என்று தோன்றினால், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய முறையில், உண்மையோடு சொல்வதை மார்க்கம் தடுக்கவில்லை.

ஏழாவது வாரம் பதில் வந்தது. முறையீடும் நிராகரிக்கப்பட்டது.

உண்மை சொன்னதால் கதவு திறந்தது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இதில் அமைச்சின் மீது நாங்கள் சொல்ல எந்தக் குறையும் இல்லை. அவர்களுடைய நாடு, அவர்களுடைய கணக்கு. அன்றிரவு மகன் மாடியில் தனியே நெடுநேரம் இருந்தான். நாங்கள் மேலே ஏறிப் போகவில்லை. தஹஜ்ஜுதுக்கு எழுந்தபோது அவன் எங்களுக்கு முன்பே முஸல்லாவில் நின்றுகொண்டிருந்தான்.

துஆவுக்கு மூன்றில் ஒரு பதில் உறுதி என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கேட்டது விரைவில் கிடைக்கும். அல்லது மறுமைக்குச் சேமிக்கப்படும். அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கு விலக்கப்படும். எங்கள் துஆவுக்கு எது பதில் என்று சொல்ல எங்களுக்கு அறிவில்லை. ஆனால் விலகிய தீங்கு ஒன்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளையின் பெயர் ஒரு பொய்ச் சான்றிதழோடு வேற்று நாட்டு அரசின் கோப்பில் இல்லை.

பணத்தின் கதையையும் சொல்லிவிடுகிறோம். அந்த ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்யாதவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான 18 விழுக்காடு வரியும் சேர்த்து 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் பார்க்கலாம், புகாரும் பதியலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. ஜமாஅத் பெரியவர்கள் நடுவில் இருந்து பேசினார்கள். கொடுத்த ஒன்றரை லட்சத்தில் தொண்ணூறாயிரம் திரும்பியது. மீதியைப் பெற இன்னும் முயன்று வருகிறோம்.

நகையை மீட்க அது போதவில்லை. ஜமாஅத்தின் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் தந்தார்கள். கடன் வாங்கப் போனபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “முதலிலேயே இங்கே வந்திருக்கலாமே?” வந்திருக்கலாம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில் வட்டிக்குப் போனோம். கடைசியில் ஊருக்கும் தெரிந்தது, வட்டியும் போனது. அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக. மாதம் ஐயாயிரம் என்று கட்டி வருகிறோம். நகை மகளிடம் திரும்பிவிட்டது.

அடுத்த ஆண்டு

ஹுதைபியாவில் தடுக்கப்பட்டவர்கள் அங்கேயே குர்பானி கொடுத்து, தலைமுடி களைந்து, இஹ்ராமிலிருந்து விடுபட்டார்கள். தோழர்களின் உள்ளம் கனத்திருந்தது. எவரும் எழவில்லை. நபி (ஸல்) முதலில் தாமே அதைச் செய்யட்டும் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) ஆலோசனை சொன்னார்கள். நபியவர்கள் அவ்வாறே செய்ததைக் கண்டு எல்லோரும் எழுந்தார்கள். திரும்பும் வழியில் ஸூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது. மறு ஆண்டு உம்ராவுக்குச் சென்றார்கள். ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு மக்காவே திறந்தது. அன்று அந்தக் கூடாரங்களுக்கு நடுவே நின்றவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. தெரியாமலேயே எழுந்து, அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

எங்கள் மகனும் எழுந்தான். காரைக்காலில் ஒரு ஏ.சி. சர்வீஸ் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறான். சம்பளம் சென்னையில் வாங்கியதைவிடக் குறைவு. ஆனால் இரவில் வீட்டில் சாப்பிடுகிறான். அங்கேயும் பி.எஃப். கட்டுகிறார்கள், சேரும்போது அவன் முதலில் கேட்டது அதைத்தான். இப்போது எந்தத் தாள் வந்தாலும் முழுதாகப் படித்த பிறகே கையெழுத்திடுகிறான். வங்கிக் கடன் படிவத்தை ஒரு மணி நேரம் வைத்துப் படித்துக் காசாளரைச் சலிப்படைய வைத்திருக்கிறான்.

சிங்கப்பூர் முதலாளி கடைசியாகப் பேசியபோது, “ஐந்து ஆண்டு முடிந்ததும் எனக்கு எழுது. இடம் இருந்தால் பார்க்கிறேன்” என்றார். அது வாக்குறுதி இல்லை. நாங்களும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது விதிகள் மாறியிருக்கலாம். அவரிடம் இடமும் இல்லாமல் போகலாம். ரிஸ்கைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே. அது சிங்கப்பூரில் இருக்கிறதா, அம்பகரத்தூரில் இருக்கிறதா என்பதை அவனே அறிவான்.

2026இல் எங்கள் மகனுக்கு ஐந்து ஆண்டு அனுபவம் நிறைவடையும், இன்ஷா அல்லாஹ். அன்று எவரேனும் ஒரு படிவத்தை நீட்டினால் அவன் அதில் ஐந்து என்று எழுதுவான். அது உண்மையாக இருக்கும்.

ஹலாலான ரிஸ்கையும், அதைத் தேடும் வழியில் உண்மையையும் அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் தந்தருள்வானாக. பிள்ளைகளை அவசரப்படுத்தாத பெற்றோராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.